காலியாக இருந்த கட்டம்

ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற என்னை வழியனுப்பிய அன்று பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன். எல்லா முகமும் என்னைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ‘எல்லாருக்கும் சந்தோஷம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். அது உங்கள் நல்ல மனசு. அன்று சொல்ல நினைத்ததை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நான் புரோகிராம் எழுதியவள் இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முந்திரி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோயில் பக்கத்தில் பெண்களுக்குத் தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று போனேன். அந்த டைப்பிங் என்னை மார்த்தாண்டத்தில் நம் ஆபீசுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அப்போது நாம் ரப்பர் ஷீட் கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். கீழேயிருந்து அந்த வாடை ஏறி வந்து சோற்றுப் பாத்திரத்துக்குள்கூட உட்கார்ந்துகொள்ளும். டைப் அடிக்க வந்த என்னை ‘அமுக்கிப் பார்க்கிறவள்’ ஆக்கினது டீச்சர்.

டீச்சர் என்றால் நம் ஆபீசின் மூத்த புரோகிராமர். முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். என் மகள் வயது. என்னை அக்கா என்று கூப்பிடுவார். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. முதல் வாரமே ஒரு ஸ்கிரீனை என் முன்னால் வைத்து, “அக்கா, இதுல நீங்க எப்படியெல்லாம் தப்பாட்டு அமுக்க முடியுமோ அப்படியெல்லாம் அமுக்கிப் பாருங்க” என்றார். பேச வேண்டாத வேலை. எனக்குப் பிடித்துவிட்டது.

சுனாமிக்கு அடுத்த வருடம் கடற்கரை ஊர் ஒன்றின் விசைப்படகுச் சங்கத்திலிருந்து நம்மிடம் வந்தார்கள். தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர். அந்தப் பக்கத்துப் பெரிய போட்டுகள் அப்போதெல்லாம் சொந்தக் கரையில் அடைவதில்லை. கொச்சியில்தான் அடையும். ஆட்கள் பஸ் ஏறிக் கொச்சிக்குப் போய், அங்கிருந்து கடலுக்குப் போய், வாரக்கணக்கில் தங்கிப் பிடித்து, மறுபடி கொச்சியிலேயே கரையேறுவார்கள். சில சமயம் மீனை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வராமலே திரும்பக் கடலுக்குப் போய்விடுவார்கள். யார் கடலில், யார் கரையில் என்று ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்து வைக்கத்தான் சங்கம் புரோகிராம் கேட்டது.

வேறு யாரோ எழுதிக்கொடுத்த ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதில் எந்த ஸ்கிரீனும் போட்டுகளின் பட்டியல் இருக்கிற டேபிளில் நேராகக் கையை விட்டு எழுதிவிடும். புறப்பாடு எழுதுகிற ஸ்கிரீனும் எழுதும், ஐஸ் எழுதுகிற ஸ்கிரீனும் எழுதும், டெலிபோனில் வந்த செய்தியை எழுதுகிற ஸ்கிரீனும் எழுதும். ஒரே போட்டைக் காலையில் ஒன்று கடலில் என்று சொல்லும், மத்தியானம் இன்னொன்று கரையில் என்று சொல்லும்.

டீச்சர் அதைப் பிரித்துப் போட்டார். அந்த டேபிளைச் சுற்றி ஒரு கிளாஸ் எழுதினார். இனி எந்த ஸ்கிரீனும் டேபிளைத் தொடாது. போட்டு எங்கே என்று தெரிய வேண்டுமா, கிளாஸிடம் கேள். மாற்ற வேண்டுமா, கிளாஸிடம் சொல். சரி என்று பட்டால் அதுவே எழுதும். இல்லாவிட்டால் மறுக்கும்.

கிளாஸ் என்றால் என்ன என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கல்யாண வீட்டில் சமையல் நடக்கிற ஆக்குப்புரையை நினைத்துக்கொண்டேன். அங்கே தேங்காய் திருவ பத்துப் பேர், காய் நறுக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் சாம்பாரில் உப்புப் போடுவது ஒரே ஒருவர். உப்புக் குறைகிறது என்று யாருக்குப் பட்டாலும் அவரிடம்தான் சொல்ல வேண்டும். போட்டோமா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும். போகிற வருகிற எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி போட்டால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் கதி என்ன. டீச்சரிடம் இதைச் சொன்னேன். “அக்கா, இதத்தான் நான் மூணு வருஷமாட்டு கம்ப்யூட்டர் சென்டர்ல நின்னு சொன்னேன். ஒருத்தனுக்கும் விளங்கல்ல” என்று சிரித்தார்.

அந்தக் கிளாஸ் இரண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கும். ஒன்று, செய்தி தந்தவர் பெயர் இல்லாமல் எதையும் எழுதாது. இன்னொன்று, புதிய செய்தி இருக்கும்போது பழைய செய்தியைக் கொண்டுவந்தால் தள்ளிவிடும். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு நான் எத்தனை தடவை அமுக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூட அது என்னை உள்ளே விட்டதில்லை. ‘செய்தி தந்தவர் யார்?’ என்று சிவப்பில் கேட்டுக்கொண்டு நிற்கும்.

சில வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு புயல் எச்சரிக்கை வந்தது.

எச்சரிக்கை நாட்களில் நம் ஆபீசிலிருந்து யாராவது சங்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று பேச்சு. அன்று ஷிபுவும் நானும் போனோம். ஷிபு அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த புரோகிராமர். வேகமான கை. சங்கத்தில் டைப் அடிக்கும் பெண் லீவு. அதனால் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவரும் போட்டின் பெயரைச் சொல்வார்கள். நான் பார்த்து, கடலில், கரையில் என்று சொல்ல வேண்டும். கடலில் என்று சொன்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தே சொன்னேன்.

எனக்குப் பின்னால் மேஜையில் சங்கச் செயலாளர். பழைய ஸ்ராங்கு, அதாவது போட்டு ஓட்டியவர். மீன்துறைக் கட்டுப்பாட்டு அறைக்கு டெலிபோனில், கடலில் இருக்கிற போட்டுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் எழுதிக்கொண்டு கடற்படைக்கும் கடலோரக் காவலுக்கும் கொடுப்பார்கள். அதில் பெயர் இல்லாத போட்டைத் தேட யாரும் போகப் போவதில்லை. லைன் கிடைப்பதே அன்று பெரும்பாடு. எல்லா ஊரும் அதே நம்பரைத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

கைக்குழந்தையோடு ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். பெயர் ஸ்டெல்லா என்று பிறகு தெரிந்தது.

“சமுத்திர தாரகை. பாத்துச் சொல்லுங்கம்மா.”

பார்த்தேன். “கரையில், கொச்சி.”

“கரையிலயா?” என்று கேட்டுவிட்டு அப்படியே குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் நின்றவளிடம், “எனக்க மாப்பிள கரையில உண்டும் பிள்ளே. நான் போறேன். அடுப்புல மீன் கெடக்கு, கரிஞ்சு போயிருக்கும்” என்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த பெயரை அடிக்கப் போனேன். கை கீழே இறங்கும்போது கண் அந்த வரியின் கடைசிக்குப் போனது. செய்தி தந்தவர் கட்டம் காலியாக இருந்தது.

காலியாக இருக்க முடியாது. அது காலியாக இருந்தால் அந்த வரியே இருக்க முடியாது. நான் கெஞ்சியும் திட்டியும் அமுக்கிப் பார்த்த கட்டம் அது.

“மக்கா ஷிபு” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பிரிண்டர் பக்கத்தில் நின்றவனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “இது யாரு எழுதினது?”

குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

“அக்கா, இது டீசல் ஸ்கிரீனு.”

போன மாதம் சங்கத்துக்காரர்கள் டீசல் பில் எழுத ஒரு ஸ்கிரீன் கேட்டிருந்தார்கள். ஷிபு எழுதி, நேராகச் சங்கத்திலேயே கொண்டுவந்து போட்டுவிட்டான். நம் ஆபீசுக்கு அமுக்கிப் பார்க்க அது வரவே இல்லை.

“டீசல் அடிச்ச போட்டு கரையிலதானே நிக்கும். அதனால பில்ல எழுதினா கரையில்னு மாத்தும்படியா வச்சேன்” என்றான். “கிளாஸ் வழியா போனேன் அக்கா. பழைய செய்தி, பழைய செய்தின்னு தள்ளிக்கிட்டே இருந்துச்சு. இவங்க உடனே வேணும்னு நின்னாங்க. அதான் நேரா டேபிள்ல எழுதிட்டேன்.”

“பில்லு எப்பம் வரும்?”

பதில் எனக்கே தெரியும். கொச்சிப் பம்பிலிருந்து பில்லுகள் மொத்தமாக யாராவது பஸ்ஸில் வரும்போதுதான் வரும். நாலைந்து நாள் கழித்து வரும், ஒரு வாரம் கழித்தும் வரும். அதற்குள் டீசல் அடித்த போட்டு கடலுக்குப் போயிருக்கும். பில்லை எழுதிய நிமிஷத்தில் இந்த ஸ்கிரீன் அதைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டுவிடும்.

பின்னால் செயலாளர், “அவ்வளவுதான் சார். இதுதான் கடைசி. மீதி எல்லாம் கரையில நிக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வேண்டும். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மேஜைக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் கை நீண்டு டெலிபோனின் கொக்கியை அமுக்கிவிட்டது.

செயலாளர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எம்மா. ஒரு மணிக்கூறாட்டு இந்த லைனுக்குக் கெடந்து செத்தேன். நீ என்னவாக்கும் செய்த?”

“கரையில இல்ல” என்றேன். அவ்வளவுதான் வந்தது. மீதியை ஷிபு சொன்னான். மறைக்காமல் சொன்னான், அதற்காக அவனை எனக்கு இன்றும் பிடிக்கும்.

சொல்லி முடித்ததும் அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புரோகிராமின் கோடை, அதாவது எழுதி வைத்திருந்த கட்டளைகளை, திறந்துவிட்டான். “ரெண்டு நிமிஷம் அக்கா, சரியாக்கிடுதேன்” என்றான். அவன் செல்போனை வாங்கி டீச்சருக்கு அடித்தேன். விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் முதலில் சொன்னது இதுதான்:

“கோடைத் தொடவேண்டாம்னு அவன்ட்ட சொல்லுங்க. கைய எடுக்கச் சொல்லுங்க.”

“கைய எடுலே” என்றேன். எடுத்தான்.

“கோடு ஓடிப் போகாது அக்கா. பெயர்க் கட்டம் காலியா உள்ள போட்டு எல்லாத்தையும் எடுங்க. அது எதையும் நம்பவேண்டாம். எல்லாம் கடல்லன்னு வச்சுக்கிடுங்க. ஒரு ஆளு வாயால ‘கண்ணால பாத்தேன், கட்டிக் கெடக்கு’ன்னு சொன்னா மட்டும் கரைக்கு எடுங்க.”

எடுத்தோம். ஒரு கை விரலுக்குள் அடங்குகிற போட்டுகள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் பத்துப் பேருக்குக் குறையாமல் இருப்பார்கள்.

செயலாளர் யோசித்தார். “கரையில நிக்கிற போட்டக் கடல்ல இருக்குன்னு நாம சொல்லி, அவங்க கப்பல அங்க அனுப்பிட்டா? மத்த ஊருப் பிள்ளைகளும் அங்க கெடக்கு. நாளைக்கு நம்மள என்ன சொல்லுவான்?”

அதுவும் சரியான கேள்விதான். கடலில் போய்வந்தவர் அவர்தான். அவரே ரிசீவரைத் திரும்பக் கையில் எடுத்தார்.

“ஏசுவான்” என்றார். “ஏசட்டும்.” மறுபடி நம்பரை அடிக்கத் தொடங்கினார்.

எனக்கு இன்னொரு வேலை இருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெளியே இறங்கி ஓடினேன். ஸ்டெல்லா மீன் ஏலம் போடுகிற கொட்டகையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். காற்றில் மணல் பறந்து முகத்தில் அடித்தது. கூப்பிட்டால் கேட்காது. போய்த் தோளைத் தொட்டேன்.

“கரையில்னு சொன்னது தப்பு மோளே. தெரியல்ல. உனக்க மாப்பிள கடைசியா எப்பம் பேசினாரு?”

அவள் என்னை அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“இப்பந்தான் கரையில்னு சொன்னிய. இப்பம் கடல்லன்னு சொல்லுதிய. உங்க பெட்டிக்குள்ள என்ன கிளியா இருக்கு, சீட்டு எடுத்துப் போட?”

“எப்பம் பேசினாரு?”

“ஞாயித்துக்கிழம. டீசல் அடிச்சாச்சு, ஐஸ் ஏத்துதோம்னு சொன்னாரு.” சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. ஐஸ் ஏற்றிய போட்டு கரையில் நிற்காது.

திரும்ப இரண்டு பேரும் ஒன்றாக வந்தோம். அதற்குள் லைன் கிடைத்துச் செயலாளர் அந்தப் பெயர்களையும் சொல்லி முடித்திருந்தார். பிறகு கொச்சியில் தெரிந்த ஐஸ் கடைக்காரர், ஏஜென்ட், டீக்கடைக்காரர் என்று ஒருவர் விடாமல் போன் அடித்தார். ஒவ்வொரு போட்டாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்துச் சொன்னார்கள். சொன்னவர் பெயரைக் கேட்டுக் கேட்டு நான் எழுதினேன். கடைசியில் சமுத்திர தாரகை மட்டும் மிஞ்சியது. திங்கட்கிழமை விடியும் முன்னே போய்விட்டது என்று ஐஸ் கடைக்காரர் சொன்னார்.

சங்கத்து வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. கரைக்குப் பக்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்த ஒரு போட்டைப் பிடித்தார்கள். அது தனக்கு எட்டுகிற போட்டுக்குச் சொன்னது, அது இன்னொன்றுக்குச் சொன்னது. ‘சமுத்திர தாரகை, கிழக்க வராத, மினிக்காய்த் தீவுப் பக்கம் ஓடு.’ அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அன்று முழுக்கத் தெரியாது. ஸ்டெல்லா வீட்டுக்குப் போகவில்லை. அவள் மாமியார் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். மழை பிடித்து, ஜன்னலைச் சாத்தினோம். ஷிபு மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை வேறொரு போட்டு சொன்னதாக வயர்லெஸ்ஸில் ஒரு செய்தி வந்தது. மினிக்காய்ப் பக்கம் நம் ஊர்ப் போட்டு ஒன்று ஒதுங்கிக் கிடக்கிறதாம், சமுத்திர தாரகை மாதிரி இருக்கிறதாம். ஷிபு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். “அக்கா, கரையில்னு போட்டுடலாமா?”

“சொன்னது யாரு?”

“பேரு சொல்லல்ல. மாதிரி இருக்குன்னு…”

“மாதிரிக்கு இதுல கட்டம் இல்ல மக்கா.”

ஸ்டெல்லா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கே நிறுத்தி, உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் டீச்சர் ஷிபுவை உட்காரவைத்துப் பேசினார். நீ எழுதினது தப்பு என்று தொடங்கவில்லை. “கிளாஸ் உன்னத் தள்ளிச்சில்லியா, எதுக்குத் தள்ளுதுன்னு கேட்டியா?” என்று கேட்டார். அது ஒரே கேள்வி. அந்தக் கிளாஸ் அவனிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: நீ கொண்டுவருகிற பில்லு பழையது, போட்டு போய்விட்டது. அவன் அதைத் தொந்தரவு என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனான். உங்களுக்கும் அப்படித் தோன்றும். நாளைக்கு வேண்டும் என்று வேலை தந்தவர் தலைமேல் நிற்பார். கிளாஸ் மறுக்கும். டேபிள் பக்கத்தில்தான் இருக்கும், ஒரு வரி எழுதினால் வேலை முடியும். அப்போது இரண்டு நிமிஷம் கையை மடியில் வைத்துக்கொண்டு, இது எதற்கு மறுக்கிறது என்று கேளுங்கள். மறுப்பது தப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் கிளாஸுக்குள் போய்த் திருத்துங்கள், எல்லா ஸ்கிரீனுக்கும் சேர்த்துத் திருந்தும். சுற்றிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

டீச்சர் தன்னையும் விடவில்லை. “நான் கதவு வச்சேன், சுவரு வைக்கல்ல” என்று சொன்னார். அந்த வாரமே டேபிளுக்குப் பூட்டுப் போட்டார். கிளாஸ் தவிர வேறு யார் எழுத வந்தாலும் டேபிளே தடுக்கும்படி செய்தார். டீசல் ஸ்கிரீனை ஷிபுவே திரும்ப எழுதினான். முதல் ஆளாக என்னிடம் கொண்டுவந்து வைத்தான். நான் அன்று முழுக்க அமுக்கினேன்.

இனி அந்த இரண்டாம் நாளுக்கு வருகிறேன். மத்தியானம் தாண்டியபோது ஸ்டெல்லாவின் பக்கத்து வீட்டுப் பெண் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தாள். “ஏட்டி, உனக்க மாப்பிள போன்ல நிக்காரு, வா.” ஸ்டெல்லா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். நாங்கள் காத்திருந்தோம். செயலாளர் ஒரு பீடியைப் பற்றவைத்து, இழுக்காமலே கையில் வைத்திருந்தார்.

அவள் நடந்துதான் திரும்பி வந்தாள். நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“மினிக்காயில கெடக்காங்க. எல்லாருக்கும் சொகம். எஞ்சின்ல வெள்ளம் ஏறிப்போச்சாம். எனக்க காதால கேட்டேன். அவரு குரலுதான். இருமினாரு.”

ஸ்கிரீனைத் திறந்தேன். சமுத்திர தாரகை. கரையில், மினிக்காய். கடைசிக் கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டு நின்றது.

“உனக்க முழுப் பேரச் சொல்லு மோளே.”

“எனக்க பேரு எதுக்கு?”

“யாரு சொன்னதுன்னு இது கேக்கும்.”

ஜன்னல் வழியாக முந்தின நாள் என்னிடம் போட்டின் பெயரைச் சொன்னவள், சுற்றி வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் என் தோளில் சொட்டியது. பெயரைச் சொன்னாள். நான் அடித்தேன். மேரி ஸ்டெல்லா. அவள் ஸ்கிரீனை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“பக்கத்துல பெஞ்சாதின்னு போடுங்க” என்றாள்.

போட்டேன். அமுக்கினேன். கிளாஸ் எடுத்துக்கொண்டது.